லிஃப்ட் குழியும் ராக்கியின் இடது கையும்

எங்கள் லிஃப்டுக்குள் சிக்னல் கிடைக்காது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கையில் கறிப் பையும் மறு கையில் கைபேசியுமாக ஏறினேன். அலுவலக நண்பர் அனுப்பிய ஒரு காணொளி ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் ஒரு ஜாஸ் பியானோ கலைஞர். ஒரு காலத்தில் அரங்கங்களை நிரப்பியவராம், பிறகு நோயில் விழுந்து எழுந்தவராம். இடது கை மடியில் கிடக்க, வலது கையால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். முதல் மாடி தாண்டியதும் படம் நின்றுவிட்டது. அவர் வலது கை கட்டைகளுக்கு மேலே தூக்கியபடியே நின்றது, நடுவில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கதவு திறந்தபோதுதான் பார்த்தேன், மூன்றாம் மாடி. என் வீடு இரண்டாம் மாடியில். எந்த நினைப்பில் மூன்றை அழுத்தினேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால், லிஃப்டே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும்.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் இந்தக் குடியிருப்பில் நாங்கள் வீடு வாங்கியபோது, விளம்பரத் தாளில் லிஃப்ட் பளபளவென்று இருந்தது. குடிவந்தபோது இருந்தது லிஃப்டுக்கான குழி மட்டும்தான். தரையிலிருந்து மொட்டை மாடி வரை ஒரே ஓட்டை. அநேகமாக எல்லா மாடியிலும் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகப் புறா வரும், கீழ்வீட்டுத் தாளிப்பு வாசனை வரும், யார் வீட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பதும் வரும். எனக்கு விருதுநகர்ப் பக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கடைசல் பிடித்த உருப்படிகளை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று ஒதுக்குகிற வேலை. கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவரையே செயலாளராக்குவது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அசந்து தூங்கியதற்குத் தண்டனையாக அந்தப் பதவியில் நான் ஏழு வருடம் கிடந்தேன்.

ராக்கி வந்தது அப்போதுதான். ஞானஸ்நானப் பெயர் ஆரோக்கியசாமி. ஓட்டேரிக்காரர். பெரிய ஓட்டல் ஒன்றில் இருபது வருடம் ஜாஸ் பியானோ வாசித்தவர். அவர் வாசிப்பைக் கேட்கவே கப்பல்காரர்களும் வெள்ளைக்காரர்களும் பெயர் சொல்லி விசாரித்து வருவார்களாம். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா ஆல்பம் காட்டினார். அதில் ராக்கி கோட்டும் டையுமாக, சிரிக்காமல், பியானோ முன்னால் இரண்டு கையையும் விரித்து உட்கார்ந்திருந்தார். எனக்கு ஜாஸ் என்றால் வீசை என்ன விலை என்றுகூடத் தெரியாது. மரியாதைக்குத் தலையாட்டினேன்.

பக்கவாதம் இடது பக்கத்தை வாங்கிக்கொண்ட பிறகு, மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் வாங்கிப் போட்டிருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தார்கள். லிஃப்ட் இருக்கிறது என்று நம்பி வாங்கிய வீடு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினோம். ஒரு திருப்பத்தில் என் பிடி வழுக்கி நாற்காலி சாய்ந்துவிட்டது. அவர் கத்தவில்லை, வலது கையால் என் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேலே போய் இறக்கியதும் மூச்சு வாங்கியபடி சொன்னார்.

"ஏத்திட்டீங்க. இனிமே என்னைத் தூக்கவே கூடாது. ஆரும் தொடாதீங்க."

சொன்னபடியே இருந்துவிட்டார். டாக்டர் மேலே வந்தார், முடிவெட்டுபவர் மேலே வந்தார், பாதிரியாரும் நற்கருணையோடு மேலே வந்தார். மூன்றாம் மாடியில் மட்டும் குழிக்குப் பலகை இல்லை, இரும்புக் கிராதி. சக்கர நாற்காலியை அதன் அருகே போட்டுக்கொண்டு கீழே இருட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வெளியே அவருக்கு அதுதான் இருந்தது.

அவருடைய பியானோவும் அன்றே வந்தது. ஆனால் மாடிப்படியின் முதல் திருப்பத்திலேயே சிக்கிக்கொண்டது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. இரண்டு மணி நேரம் யாரும் மேலே போகவோ கீழே வரவோ இல்லை. கடைசியில் கைப்பிடிச் சுவரைக் கொஞ்சம் உடைத்துக் கீழே கொண்டுவந்து, அவருக்கான பார்க்கிங்கில், குழியை ஒட்டி வைத்து, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அடுத்த வாரமே முதல் மாடி நடராஜன் சார் என்னிடம் வந்தார். பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், விதி என்றால் விதி. "வாகனம் அல்லாத பொருட்களை வாகன நிறுத்துமிடத்தில் வைக்கக் கூடாது" என்று அறிவிப்பு எழுதி ஒட்டினேன். கீழே என் கையெழுத்து. ஸ்டெல்லா அக்கா அதைப் படித்துவிட்டுப் பால் வாங்கப் போனார்; பியானோ அங்கேயே இருந்தது.

அவர்கள் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தபோது, ஒரு மழை விட்ட ஞாயிறு. எலி புகுந்திருக்கிறதா என்று பார்க்கத் தார்ப்பாயைத் தூக்கினேன். ஈரக் கம்பளியும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை. என் ஊரில் பஞ்சு குடோனில் மழைத் தண்ணீர் இறங்கினால் அப்படித்தான் வீசும். கை சும்மா இருக்குமா, ஒரு கட்டையை அழுத்தினேன். குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆருப்பா அங்க, பியானோவ தொடறது?"

"நான்தான் சார், செகரெட்டரி. எலி பூந்திருச்சான்னு பாக்குறேன்."

"எலியே தேவல. நீ தொட்டியே, அது சுதி எறங்கிகினு கீது. அத்தவுட்டு லெஃப்டாண்ட போ. இன்னும் போ. ஆங், அது. இன்னொரு வாட்டி அழுத்து."

அழுத்தினேன். இன்னும் நாலைந்து முறை அழுத்தவைத்த பிறகு, "அடுத்த வாரமும் எலி பாக்க வா நைனா" என்றார்.

இப்படித்தான் தொடங்கியது. நான் பியானோ கற்றுக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கும் எந்தக் கட்டை எந்தச் சுரம் என்று எனக்குத் தெரியாது. அவர் மேலேயிருந்து தேடச் சொல்லி, நாலு கட்டைகளைக் கண்டுபிடித்து, இன்சுலேஷன் டேப் ஒட்டி எண் போட்டோம். ஒன்று, மூன்று, இரண்டு, நாலு. கம்பெனியில் சுவிட்சு தட்டுவதுபோல் அதையே தட்டிக்கொண்டிருப்பேன். மகள் அனுப்பிய சின்ன கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் மேலே வலது கையால் வாசிப்பார். இரண்டும் குழிக்குள் சந்தித்துக்கொள்ளும். தண்ணீர் கேன் தூக்கிப்போகிறவர்கள் படியிலேயே இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பார்கள். நடராஜன் சார் வீட்டுக் கதவுகூடக் கொஞ்சம் திறந்திருக்கும்.

"ஓடாத. நட. ரோட்ல ஒருத்தன் நடந்து போற மாரி அழுத்து" என்பார்.

நான் தப்பாகத் தட்டினால் என்னைத் திட்ட மாட்டார். "இந்தக் கை இன்னிக்கி மக்கர் பண்ணுது" என்பார். என் கையைத்தான் அப்படி நாசூக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஸ்டெல்லா அக்கா தண்ணீர் பிடிக்கும்போது சொன்னார்: "ரெண்டு வருசமா அவர் கால் மண்ணுல படல தம்பி. ஜெயில்லகூட வெளிய உடுவாங்க." அது எனக்கு வலித்தது. நாற்காலியைச் சாய்த்தவன் நான்தானே. எப்படியாவது லிஃப்டைக் கொண்டுவந்துவிடுவது என்று வீடு வீடாகப் போனேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். எல்லோரும் போட்டார்கள், நடராஜன் சார் தவிர.

"லிஃப்டுக்குக் கையெழுத்து போடுறேன். அந்தப் பொட்டி போவணும். மினிட்ஸ்ல எழுதுங்க."

எழுதினேன். லிஃப்ட் ஓடத் தொடங்கியதும் பியானோவை அகற்றுவது என்று தீர்மானம். பட்டாபிராமில் ஒரு பள்ளிக்கூடத்திடம் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பேசியும் வைத்துவிட்டேன். ராக்கியிடம் சொல்லவில்லை. மனிதர் முதலில் வெளியே வரட்டும், மாதா கோயிலுக்குப் போகட்டும், ஏரிக்கரையைப் பார்க்கட்டும், பிறகு பியானோ எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் ஒன்று மூன்று இரண்டு நாலு தட்டும்போதெல்லாம் குற்றவாளிக் கூண்டுக்குள் நிற்பதுபோல் இருக்கும். சொல்லவும் முடியாது, வராமல் இருக்கவும் முடியாது.

பிறகு ஆட்கள் வந்து குழிக்குள் சாரம் கட்டினார்கள். கிராதியைக் கழற்றினார்கள், பலகையைக் கழற்றினார்கள், ஒவ்வொரு மாடியிலும் எஃகுக் கதவு வைத்து மூடினார்கள். மேலிருந்து சத்தம் வருவது நின்றது.

லிஃப்ட் ஓடிய முதல் ஞாயிறு, வெள்ளைச் சட்டை போட்டு, முழுக்கைப் பொத்தானையும் மாட்டி, ஸ்டெல்லா அக்கா அவரை அழைத்துவந்தார். பியானோவைத் துடைத்து வைத்திருந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்து வேன் வரவிருந்தது, அதையும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அக்கா சக்கர நாற்காலியைப் பியானோ முன்னால் நிறுத்தினார். இடது பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். அவர் வலது கையை வைத்தார், நான் என் நாலு கட்டைகளில் நடக்க ஆரம்பித்தேன். இரண்டு சுற்று போயிருக்கும். தப்பு எதுவும் செய்யவில்லை, சத்தியமாக. அவர் நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார். நகக்கண்ணில் மெஷின் எண்ணெய்க் கறுப்பு. பிறகு தன் மடியைப் பார்த்தார்.

"மேல இருக்கசொல்லோ அது என்னுதுன்னு நெனச்சிகினு இருந்தேன் நைனா."

"எது சார்?"

"லெஃப்ட் ஹேண்டு. கண்ணு தெரியாத எடத்துலேர்ந்து வருது இல்ல, என்னுதுதான்னு இருந்துச்சி. இங்க வந்து பாத்தா உன் வெரலு."

கோபம் இல்லை அந்தக் குரலில். "இந்தப் பியானோவ ஆருக்கனா குட்த்துடு" என்றார். ஸ்டெல்லா அக்கா நாற்காலியைத் திருப்பினார். லிஃப்ட் கதவு மூடியது. தீர்மானத்தைப் பற்றி இனி நான் சொல்லத் தேவையில்லை என்று அந்த நொடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது.

அதன்பின் அவர் கீழே வரவில்லை. மகள் வந்து மஸ்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போன அன்றுதான் மறுபடி லிஃப்டில் ஏறினார். போன மழைக்கு முன்னால் அங்கேயே இறந்துபோனதாக ஸ்டெல்லா அக்கா போனில் சொன்னார். பியானோ இருந்த இடத்தில் இப்போது யாரோ ஒருவர் கார் நிறுத்துகிறார். குழி இருந்ததே புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது.

நோய் பறித்துக்கொண்ட இடது கை, எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. எனக்கு அது தெரியாது. அவரை விடுவிப்பதாக நினைத்து, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, இரண்டாம் முறை அதை எடுத்தவன் நான்.