தனி அறை இல்லாத வகுப்பு

மலைமேல் ஒண்டிக்கடை பக்கத்துக் கிளை நூலகத்தில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்பவர் வெண்ணிலா. தற்காலிக வேலைதான். சிறுவர் நூலகப் பணியாளர்களுக்கான ஐந்து நாள் ஆன்லைன் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கினால், நிரந்தரம் கேட்க ஒரு பிடி கிடைக்கும். பயிற்சியில் தனி அறையில்தான் உட்கார வேண்டும். மீறினால் சான்றிதழ் இல்லை.

பள்ளிக்கூடம் நடந்ததால் சிறுவர் பகுதி காலியாகவே இருந்தது; நான்கு நாள் நல்லபடியாகப் போனது. ஐந்தாம் நாள் அரையாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. அம்மாக்கள் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட, பக்கத்து ஊரான வெள்ளக்கடைப் பிள்ளைகள் ஒன்பது பேர் சாரலில் நனைந்தபடி வாசலில் நின்றார்கள்.

"ஏனுங்க அக்கா, இன்னைக்கு லீவுங்களா?" என்றாள் இலக்கியா.

"லீவெல்லாம் இல்ல. சத்தம் போடாம உள்ள வாங்க சாமி."

அன்றைய பாடம், பிள்ளைகளுக்குக் கதை சொல்வது எப்படி என்பது. வழி தவறிய காட்டெருமைக் கன்றின் கதையைப் பாதியில் நிறுத்தி, பயிற்சியாளர் உத்திகளை விளக்கிக்கொண்டிருந்தார். வெண்ணிலாவின் தோளுக்குப் பின்னால் தலைகள் முளைத்தன.

"மேடம், தனி அறைன்னு சொல்லியிருந்தோமே?"

"தப்புதானுங்க சார். இவங்கள மழையில நிறுத்திட்டு இந்தப் பாடத்தைப் படிக்க மனசு வரலைங்க."

இலக்கியாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், நொம்ப நேரமா வேற என்னமோ பேசறீங்க. கன்னுக்குட்டி ஊடு போய்ச் சேந்துச்சுங்களா?"

திரையில் இருந்த அறுபது பேரும் சிரித்துவிட்டார்கள். பயிற்சியாளரும்தான். "நீங்களே முடிச்சுடுங்க மேடம்," என்றார்.

வெண்ணிலா கன்றை வாழவந்தி மலைப்பாதை வளைவுகளில் ஏற்றி, பனியில் தடுமாறவிட்டு, தாயிடம் சேர்த்தார். பிள்ளைகள் அசையவில்லை.

மறுவாரம் சான்றிதழ் வந்தது. அடுத்த பயிற்சியில் அந்தப் பாடத்தை அவரே நடத்த முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள்.

வெண்ணிலா பதில் எழுதினார்: "நடத்துறேனுங்க. ஆனா தனி அறை மட்டும் கேக்காதீங்க."