நாடா விழுங்கிய குண்டன்

தையற்காரம்மாவுக்கு நாய் என்றாலே ஆகாது. கல்யாணமாகிப் போன மகள் தன் நாய் குண்டனை விட்டுவிட்டுப் போனதால், வேண்டாவெறுப்பாகச் சாப்பாடு வைத்தாள். வைத்த கை பழகிவிட்டது. மிஷினுக்கு அடியில் அவள் கால் மிதிக்கும் சத்தத்தில்தான் அது தூங்கும். கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வதும், ஒருவேளை பட்டினி போட்டால் தேறிவிடுவதும் அதற்கு வழக்கம்.

இந்த முறை தேறவில்லை. குடித்த தண்ணீர்கூட வாந்தியாக வந்தது. முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. வயிற்றைத் தொட்டால் முனகியது. பஸ் ஓட்டும் புருஷன், நாளைக்குச் சரியாகிவிடும் என்றார். அவள் காதில் வாங்கவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். குடலில் ஏதோ நீளமாகச் சிக்கியிருக்கிறது, உடனே எடுக்காவிட்டால் குடல் அறுபட்டுவிடும் என்றார். அன்று உதவியாளர் லீவு. ஆபரேஷனுக்கு விளக்குப் பிடிக்க ஆள் இல்லை. விரலில் ஊசி குத்தினாலே தலை சுற்றுகிறவள், தானே பிடிப்பதாகச் சொல்லிவிட்டாள்.

ஒரு சாண் வயிறு என்று சொல்லித்தான் அவள் கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா வயிற்றைக் கீறியதும், அந்த ஒரு சாணுக்குள்ளிருந்து குடல் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு பகுதி மட்டும், பாவாடை இடுப்பில் நாடா இழுத்ததுபோல் கொசுவம் கொசுவமாகச் சுருங்கிக் கறுத்துக் கிடந்தது.

"உங்க நாடாதாம்மா. ஒரு முனை இரைப்பையில மாட்டிக்கிச்சு. மிச்சத்தக் குடல் கீழ தள்ளப் பாத்து, தானே சுருங்கிடுச்சு," என்றார் டாக்டரம்மா.

இரண்டு மூன்று இடத்தில் கீறி, நாடாவைத் துண்டு துண்டாக உருவித் தைத்தார். சுருக்கு மெல்லப் பிரிந்தது. கறுப்பு ஊதாவாயிற்று, ஊதா ரோஜா நிறமாயிற்று. பிறகு, யார் கையும் படாமலே, ஓர் ஓரத்தில் சின்ன அலை எழும்பி மறு ஓரத்துக்கு ஊர்ந்து போனது.

"மயக்கத்துல இருக்கான். அது பாட்டுக்கு நடக்குதே," என்றாள்.

"நமக்கும் அப்படித்தான். நம்மளக் கேட்டா நடக்குது?"

விளக்கு ஆடவில்லை. பயப்பட மறந்துபோயிருந்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுடைய ஒரு கை தன் வயிற்றின் மேலேயே இருந்தது. இத்தனை வருஷம் அதற்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை என்று பட்டது.

குண்டன் வீட்டுக்கு வந்து, கஞ்சித் தண்ணீரை நக்கத் தொடங்கியது. ஒரு காலையில் புருஷன் கொல்லையிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரேன். ஆய் போயிட்டான்."

இருவரும் குனிந்து, பேரப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்து நின்றார்கள். பல் துலக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, அங்கே அப்படி என்ன அதிசயம் என்று மதிலுக்கு மேலே எட்டிக் கேட்டாள். தையற்காரம்மா அந்த அலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வாயில் வைத்த பிரஷை எடுக்காமலே அவள் முழுவதும் கேட்டாள்.