முதலில் எழுந்த மாமியார்

எங்கள் ஆபீசில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கூட்டுக்குடும்பம்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். எல்லாம் அவளுடைய லேப்டாப் செய்த வேலை. நாங்கள் ஒரு சர்வர் புரோகிராமை வைத்துக்கொண்டே முழி பிதுங்கிக் கிடக்க, அவள் அதே சர்வரின் நாலு வெர்ஷன்களை ஒரே லேப்டாப்பில் குடிவைத்திருந்தாள். ஒரே உறையில் ரெண்டு கத்தி இருக்காது என்று சொன்ன மகராசன் இவளைப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒவ்வொரு வெர்ஷனில் உட்கார்ந்திருந்தால் அவள்தான் என்ன செய்வாள்? இருப்பதிலேயே பழசுக்கு ‘மாமியார்’ என்று பேர் வைத்தாள். புத்தம் புதுசு ‘மருமகள்’. நடுவில் இருந்த இரண்டும் ‘ஓரகத்திகள்’. வெளியிலிருந்து வரும் வேலையை வாங்கிக்கொள்ள ஆளுக்கொரு வாசல் எண். ஒரே வாசலுக்கு இரண்டு பேர் வந்தால், பிந்தி வந்தவர் சத்தம் காட்டாமல் போய்ப் படுத்துவிடுவார். “இதெல்லாம் எங்கே படிச்சே?” என்று கேட்டேன்.

“என் புகுந்த வீட்ல. அஞ்சு பேருக்கு ஒரே பாத்ரூம். விடிஞ்சா முதல்ல அத்தைதான் உள்ள. அவங்க வெளிய வர்றதுக்குள்ள என் பஸ் போயிடும்.”

அன்று படகுத்துறை மேலாளர் வந்திருந்தார். அவர்களுடைய டிக்கெட் புரோகிராம் மாமியார் காலத்துச் சரக்கு. அது மருமகளிடமும் ஓடுகிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அவர் போனால் அந்த வேலைக்கென்றே இருக்கும் எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. இவளோ டிக்கெட் புரோகிராம் வந்து தட்டும் பெரிய வாசலை முந்தின நாளே மருமகளுக்கு எழுதிவைத்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டிருந்தாள். அறையலாம் போலிருந்தது.

பட்டனைத் தட்டியதும் டிக்கெட் பறந்து வந்தது. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

“அடேங்கப்பா! புதுசு புதுசுதாம்மா. எங்க பழசு ஆமை மாதிரில்ல நகரும்!”

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் இவள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். பார்த்தவள், இருமுவது போல் சிரித்தாள். நானும் பார்த்தேன். அங்கே இருந்தது பழைய வெர்ஷனின் எண். காலையில் லேப்டாப் தானாக அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. எழுந்த கையோடு மாமியார் பழைய பழக்கத்தில் பெரிய வாசலைப் பிடித்துக்கொண்டார். மருமகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“வாயைத் திறக்காத. போட்டுடட்டும்,” என்று அவள் காதில் முணுமுணுத்தேன்.

“நாளைக்கு அவர் இடத்துல மருமக மட்டும்தானே இருப்பா? அங்க ஓடலைன்னா?” என்றவள், அவர் பக்கம் திரும்பினாள். “சார், கொஞ்சம் பொறுங்க. நீங்க இவ்வளவு நேரம் பாராட்டினது மாமியாரை.”

“யார் மாமியாரை?”

பாத்ரூம் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மூடினார். எனக்கு உயிரே போய்விட்டது.

“அப்போ எங்க பழசு ஆமை இல்லியா?”

“ஆமை உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் சார்.”

மாமியாரை நிறுத்தினாள். திரை வெள்ளையானது. மருமகளைக் கூப்பிட்டாள். ஒன்றுமே வரவில்லை. நான் கும்பிடாத சாமி இல்லை. பிறகு, புகுந்த வீட்டுக்கு முதன்முதலாக வருகிறவளைப் போல மெதுவாக, டிக்கெட் வந்தது. ஓரத்தில் புதிய எண்! நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். மேலாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “எங்க வீட்லயும் ஒரு பாத்ரூம்தாம்மா,” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அவள் எனக்கு முன்னாலேயே ஆபீசில் இருந்தாள். தலையில் ஈரம்கூடக் காயவில்லை.

“என்ன அதிசயம்?”

“நேத்து கதையை வீட்ல சொன்னேன். காலையில அத்தை துண்டோட வெளிய நிக்கறாங்க. ‘நீ முதல்ல போ. என்னால உன் வேலை போச்சுன்னு ஒரு பேச்சு வரக் கூடாது’ங்கறாங்க.”

“பரவாயில்லையே!”

“எங்க? தாழ்ப்பாள் போடறதுக்குள்ள ‘இன்னுமா முடியல?’ன்னு கதவைத் தட்டறாங்க.”