பச்சை விழுந்தால் தேநீர்

கணினித் திரையில் பச்சை விழாமல் ரிப்கா தேநீர் குடிப்பதில்லை. "பச்ச வரட்டும், பொறகு ஊத்துறன்" என்று தண்ணீர் சுடவைக்கும் மின்சாரக் கேத்தலின் மூடியில் கைவைத்துக் காத்திருப்பாள்.

மஹய்யாவையில் ஒரு தையற்கடைக்கு மேலே அலுவலகம். மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் செய்கிறார்கள். குழந்தையின் எடையைக் கொடுத்தால் பாணி மருந்து எத்தனை மில்லி என்று திரை சொல்லும். மற்றவர்கள் எழுதும் நிரலைத் தானாகவே சேர்த்து, சோதித்து, கடைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு முழுவதும் ரிப்காவுடையது. சோதனை தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. அதில் ஒரு வரியைத் தொடுவதற்குக் கிழமைக்கணக்கில் யோசிப்பாள். முதலாளி அவசரப்படுத்தினால், "அவ்வளவு அவசரம் எண்டா நீங்களே கையால அனுப்புங்க" என்பாள்.

மின்வெட்டுக் காலத்தில் மட்டும் அவளே அவசரப்பட்டாள். மடிக்கணினிகள் ஓடினாலும், மேசைக்கடியில் இருக்கும் சோதனைக் கணினி கரண்டோடு சேர்ந்து போய்விடும். எல்லா வேலையும் நடுவழியில் நிற்கும். சலித்துப்போய் ஒரு வரி சேர்த்தாள்: சோதனைக் கணினி பதில் தராவிட்டால் தேறியதாக எடுத்துக்கொள். பிறகு மின்வெட்டு போய்விட்டது, அந்த வரி போகவில்லை.

இன்று காலை புதிய பதிப்பு பச்சை காட்டிக் கடைகளுக்குப் போனது. ரிப்கா கேத்தலைப் போட்டாள். விழுந்த பேனையைத் தேடி மேசைக்கடியில் குனிந்த, கூட வேலைசெய்யும் யாழ்ப்பாணத்து ஆரணன் அப்படியே இருந்துவிட்டான்.

"அக்கா, சோதனை மெஷின்ர வயர் கழண்டு கிடக்கு. அந்தப் பிளக்கில உங்கட கேத்தலெல்லோ இருக்கு."

ரிப்காவும் குனிந்து பார்த்தாள். எத்தனை மாதமாகக் கேத்தல் அங்கே இருக்கிறது? அத்தனை பச்சையும் பொய்யா?

கேத்தலைப் பிடுங்கிக் கணினியை மாட்டினாள். அந்த வரியை அழித்துவிட்டு மறுபடியும் ஓட்டினாள். சிவப்பு. பத்துக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மருந்து இரட்டிப்பாக வருகிறது.

ஆரணன் பழைய பதிப்பைச் சோதித்து, தேறியதும் திருப்பி அனுப்ப, அவள் கடை கடையாகத் தொலைபேசியில் பேசினாள். பேசிய கடைகளில் இன்னும் ஒரு குழந்தைக்கும் கொடுத்திருக்கவில்லை. கடைசியாகக் கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர் பஹ்மி; அவளுக்கு அவர் அண்ணன் முறையில் 'நானா'.

"நானா, சின்னப் புள்ளைகளுக்கு ஸ்கிரீன்ல காட்டுறத குடுக்க வாணாம்."

"இப்பதானே கைப்புள்ளையோட ஒரு உம்மா மருந்த வாங்கிட்டுப் படி எறங்குறா. இரிங்க."

மறுமுனையில் தொலைபேசியை மேசையில் போடும் சத்தம், பிறகு செருப்பு ஓடும் சத்தம். ரிப்கா மேசைக்கடியில் போய் உட்கார்ந்தாள்.

"புடிச்சிட்டன் ரிப்கா. போத்தல் என்ட கையில இரிக்கி."

அவள் சோதனைக் கணினியின் பிளக்கை உள்ளங்கையால் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள்.