ஆறு வருஷத் திட்டு

கள்ளக்குறிச்சி டவுனில் போர்டுகளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டே நடக்கிற ஒரே ஆள் அஸ்ரப் நிஷாதான். மற்றவர்களுக்கு அது ஜவுளிக்கடை போர்டு, மெடிக்கல் போர்டு, காதுகுத்து பேனர். அவளுக்கு ஒவ்வொன்றும் ஒரு குற்றம். இடம் பற்றவில்லை என்று எழுத்தை நசுக்கியவன், இடம் மிச்சம் என்று ரப்பர் மாதிரி இழுத்தவன், மஞ்சள் மேல் வெள்ளையில் எழுதியவன் எல்லாரையும் பேர் சொல்லித் திட்டுவாள். அதில் பாதிப் பேர் தம்பி சுபுஹானின் வாடிக்கைக்காரர்கள் என்பதால் வாய்க்குள்ளேயே திட்ட வேண்டியிருந்தது.

சுபுஹானுக்குக் கச்சிராயபாளையம் ரோட்டில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. அவள் அங்கே பதினெட்டு வருஷமாக டிசைன் போடுகிறாள். வருகிறவன் ஒவ்வொருவனும் கேட்பது ஒன்றைத்தான். என் மூஞ்சியைப் பெரிசாகப் போடு, எழுத்தை எங்கேயாவது சந்துபொந்தில் தள்ளு. போட்டுக் கொடுத்தால் உடனே "சூப்பர்க்கா!" எழுத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தாலும் அதே சூப்பர்தான் கிடைத்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குக் குமட்டும்.

அவளுக்கென்று ஒரு வேலை இருந்தது. 2014-இல் தொடங்கி, தானே ஒரு தமிழ் ஃபாண்ட் வரைந்துகொண்டிருந்தாள். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். தூரத்திலிருந்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்துகூடப் படிக்க முடிகிற தடித்த எழுத்து. ‘கோமுகி’ என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள். அது முடிந்து நாலு பேர் கண்ணில் படும்போது அடியில் தன் பேர் இருக்க வேண்டும். இது ஒன்றுதான் அவள் ஆசை.

வரைந்ததை யாரிடம் காட்டுவது? சுபுஹானிடம் காட்டினால் "நல்லாத்தான்க்கா இருக்குது" என்பான், போனில் பேசிக்கொண்டே. அப்படித்தான் இன்டர்நெட்டில் ‘கொம்பும் காலும்’ என்ற குழுவில் போய்ச் சேர்ந்தாள். தமிழ் எழுத்தின் வடிவத்தைத் தவிர வேறெதுவும் பேசாத நானூறு பேர். டொரண்டோவில் ஒரு பல் டாக்டர், கோயம்புத்தூரில் ஒரு பேங்க் ஆபீசர், மலேசியாவில் யாரோ. வேலைவெட்டி இல்லாத கூட்டம் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள். அந்த அபிப்பிராயத்தை அவள் இன்று வரை மாற்றிக்கொள்ளவில்லை. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி வட்டமா சதுரமா என்று மூன்று நாள் சண்டை போட்டவர்கள் அவர்கள். ஊரே கொரோனாவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது நூற்று நாற்பது பின்னூட்டம், ஒரு புள்ளிக்கு! ஆனால் அந்த நூற்று நாற்பதையும் ஒன்று விடாமல் படித்தவள் அவள்.

அந்தக் குழுவில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. பாராட்டக் கூடாது. ‘அருமை’, ‘சூப்பர்’, கை கூப்புகிற படம், பூங்கொத்துப் படம், எது போட்டாலும் அன்றைக்கே வெளியே. குறை இருந்தால் சொல், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிரு. இந்தச் சட்டத்தைப் போட்டவர் கண்ணாயிரம் என்கிறவர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ப் பார்த்துவிடலாம். ஆறு வருஷத்தில் இவளும் போகவில்லை, அவரும் வரவில்லை. சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று திட்டிவிட்டுப் போவார் போலிருக்கிறது, எல்லாம் மொத்தமாக வந்து விழும். "மகரம் நொண்டுகிறது." "இந்தக் காலை யார் உடைத்தது?" 2016-இல் அவள் ‘ஒ’ என்ற எழுத்தை, ஒனாவைப் பதிவிட்டபோது இருபத்தாறு பேர் சேர்ந்து ஏறினார்கள். உள்சுழி நெருக்கமாக இருக்கிறதாம், இருபது அடி தள்ளி நின்றால் மை உருண்டையாகத் தெரிகிறதாம். "தொண்டை அடைத்த ஒனா. தூக்கிப் போடுங்கள்" என்று முடித்தார் கண்ணாயிரம். கடை கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்டை ஏற்றி, ஒரு பேனர் அடித்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். உருண்டையாகத்தான் தெரிந்தது. நாசமாய்ப் போகிறவன்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று அழுதாள். ஒரு வருஷம் உட்கார்ந்து சுழியைத் திறந்து வைத்தாள். திருத்தியது வீட்டு லேப்டாப்பில் இருந்தது. அடைத்தது கடையிலேயே கிடந்தது, அவள் மறந்துவிட்டாள்.

2020 டிசம்பரில் தனி இடஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுக்கப் போராட்டம் கிளம்பியது. ஊர் ஊராக மனு கொடுக்கிறார்கள், ஊர் ஊராகப் பேனர். உளுந்தூர்பேட்டை ரோட்டில் பார்க்குமிடமெல்லாம் கொடியும் தட்டியும். போராட்டம் நடத்துகிற சாதிச் சங்கத்துக்காரர்களுக்காகப் பேனர் வேலை பார்த்தவன் தனசேகரன். ‘தனா டிசைன்ஸ்’ என்று ஒரு ரூம், ஒரு கம்ப்யூட்டர், சுவரில் தன் போட்டோ. சொந்தமாக மெஷின் கிடையாது, சுபுஹான் கடைக்குத்தான் அடிக்க வருவான். வந்த இடத்தில் கடை கம்ப்யூட்டரில் இந்த எழுத்தைப் பார்த்தான். பென் டிரைவில் போட்டுக்கொண்டான். ‘தனா போல்ட்’ என்று பேர் மாற்றினான். பேர் மாற்ற ரைட் கிளிக் தெரிந்தால் போதும், அது அவனுக்குத் தெரியும்.

பத்தே நாளில் அந்த எழுத்து விழுப்புரம், கடலூர் என்று போய்விட்டது. ‘இடஒதுக்கீடு எங்கள் உரிமை’ என்று ஆயிரக்கணக்கான தட்டிகள், எல்லாவற்றின் நடுவிலும் அந்தத் தொண்டை அடைத்த ஒனா. மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு தனசேகரன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான், ராப்பகலாக வரைந்தேன் என்று. ‘போராட்ட எழுத்தின் சிற்பி’ என்று அவனுக்குச் சால்வை போட்டார்கள். அந்த விழா பேனரும் இவள் எழுத்தில்தான், ‘இடஒதுக்கீடு’ என்று அதே ஒனாவோடு.

"அது என்னுது சுபுஹான்" என்றாள் அஸ்ரப் நிஷா.

"தெரியும்க்கா. இப்ப இன்னா பண்ணச் சொல்ற? அவுங்க போராட்டம் அவுங்களுக்கு. நாம கட வச்சி பொழைக்கிறவங்க. நடுவுல போயி இது எங்க வூட்டுப் பொம்பள போட்டதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? வுட்ரு."

"இன்னாத்த வுட்றது? ஆறு வருஷம்டா."

"அத்தாட்சி வச்சினுக்கிறியா?"

அவளிடம் இல்லை. ஃபைலைக் காட்டினால் அவனும் ஒரு ஃபைலைக் காட்டுவான். பென்சில் போட்ட தாள்களையெல்லாம் போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது எடைக்குப் போட்டிருந்தான் இதே சுபுஹான். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. சால்வை போர்த்தியவன் மேல், போர்த்தியவர்கள் மேல், வுட்ரு என்கிற தம்பி மேல். எல்லாவற்றையும்விட, ஊர் ஊராக நடந்து போவது அவள் கழித்துப் போட்ட ஒனா என்பது அவளைத் தின்றது. திருடுகிற நாய் நல்லதாகப் பார்த்துத் திருடியிருக்கக் கூடாதா?

சால்வை பேனரைப் போட்டோ எடுத்து, ஒரு வார்த்தைகூட எழுதாமல் குழுவில் போட்டாள். அந்தக் கூட்டத்திடம் ஆறுதல் எதிர்பார்க்கிற அளவுக்கு அவள் முட்டாள் இல்லை. முதலில் பேங்க் ஆபீசர் வந்தார். வரிகளுக்கு நடுவே இடைவெளி போதாது என்றார். அட கேடுகெட்டவனே என்று நினைத்தாள். பிறகு பல் டாக்டர் எழுதினார்: "இது கோமுகி அல்லவா? அதுவும் பழைய ஒனா. நாம் தூக்கிப் போடச் சொன்னது." அதற்கப்புறம் அரை மணியில் அறுபது பேர். யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. எந்த வருஷத்து ஒனா, எந்த மாசத்து டகரம் என்று தேதியோடு எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் கண்ணாயிரத்திடமிருந்து ஒரு ஃபைல் வந்தது. அவள் போட்ட ஒவ்வொரு எழுத்தும், அதற்கு விழுந்த ஒவ்வொரு திட்டும், தேதி வாரியாக. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். "எதையும் அழிக்கவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதை அச்செடுத்து, பையில் போட்டுக்கொண்டு, சுபுஹானிடம் சொல்லாமல் டவுன் பஸ் ஏறினாள். கச்சிராயபாளையத்தில் ராஜாங்கம் இருந்தார், சங்கத்தின் ஒன்றியப் பொறுப்பு அவரிடம்தான். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது, வரப்பிலேயே நின்று கேட்டுக்கொண்டார். சால்வை போட்டவரே அவர்தான்.

"எழுத்துல இன்னாம்மா அவனுது, உன்னுது? எல்லாம் தமிழுதான?" என்றார்.

இந்த ஆளுக்கு உள்சுழியை விளக்குவதைவிட அந்தக் கரும்புக்கு விளக்கலாம் என்று தோன்றியது. பையிலிருந்த தாள்கட்டை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். படங்களைத் தள்ளிவிட்டு அடியிலிருந்ததை மட்டும் படித்தார். "நொண்டுது... தூக்கிப் போடு... இது எழுத்தா எலும்பா..." பத்துப் பக்கம், இருபது பக்கம். வெட்டுக்காரர்கள் தண்ணீர் குடிக்க வந்துவிட்டுப் போனார்கள். அவர் படித்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் உன்ன திட்னதாம்மா?"

"ஆமாங்க."

"ஆறு வருஷமா?"

"ஆமாங்க."

"திட்டு வாங்கினு மறுபடியும் போட்டுக்கினே இருந்தியா?"

தலையை ஆட்டினாள்.

ராஜாங்கம் தாள்கட்டை மூடினார். "ஒரு வேலய செஞ்சவனுக்கு இவ்ளோ பேச்சு வுழுந்திருக்கணும். தனசேகரன இதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்த சொல்லலியே. எடுத்ததும் நாங்க சால்வதான் போட்டோம்" என்றார். அவர் முகத்தில் அசடு வழிந்தது. "திருத்துனது எங்க இருக்குது?"

"வூட்ல இருக்குதுங்க."

"குடுத்தனுப்பு. பேரு இன்னான்னு போடணும்?"

அடுத்த வாரம் மனு கொடுக்கிற பேனர் திறந்த ஒனாவோடு வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாள், சுழி சுழியாகவே தெரிந்தது. வலது மூலையில், அடியில், ‘எழுத்து: அஸ்ரப் நிஷா,கள்ளக்குறிச்சி’ என்றிருந்தது. டிசைன் போட்டவன் தனசேகரன்தான், வேறு ஆள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இடம் மிச்சமிருக்கிறது என்று அவள் பேரை மட்டும் ரப்பர் மாதிரி இழுத்து வைத்திருந்தான் படுபாவி. அவனை வாய்விட்டே திட்டினாள், நடுரோட்டில்.

போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள். நாலு பக்கமிருந்தும் விழுந்தது. பேரை இழுத்தவன் கையை உடைக்க வேண்டும் என்றார் பல் டாக்டர். காற்புள்ளிக்கு அப்புறம் இடம் விடவில்லை என்றார் பேங்க் ஆபீசர். ஒனாவைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கண்ணாயிரத்திடமிருந்து மொத்தமாக வந்து விழுந்தது. சிவப்பு அதிகம், கீழே ஓரம் போதாது, பேர் கேவலம் என்று பதினோரு குறை எழுதியிருந்தார். ஒவ்வொன்றாக விரலை வைத்துப் படித்தாள். ஒனா அதில் இல்லை.

இரண்டாம் தடவையும் முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். இல்லை.

"இன்னாக்கா, அவனுங்க திட்னதுக்கா அழுவுற?" என்றான் சுபுஹான்.

"போடா, உனக்கு இன்னா தெரியும்" என்றாள்.