மூடி தொலைந்த பிளாஸ்க்கும் ஐந்தாவது தடையும்

பேருந்துப் பணிமனையில் இருக்கை தைக்கிறவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சீட்டக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். கிழிந்து பஞ்சு தள்ளிய இருக்கை எந்த வண்டியினுடையதாக இருந்தாலும் அவள் மேசைக்குத்தான் வந்தாக வேண்டும். தடித்த ரெக்சின், அதற்கேற்ற முரட்டு ஊசி, காலால் மிதிக்கிற கிழட்டுத் தையல் மெஷின். மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணும். அவள் அதைத் திட்டுவாள். "நூலை முழுங்கறதுக்குத்தான் உன்னைக் கொண்டாந்து இங்க வெச்சிருக்கா? நகரு, நகருங்கறேன்ல!" திட்டத் திட்ட அது ஓடும். காலை எட்டுக்குத் திறந்த வாய் சாயங்காலம் ஐந்துக்குத்தான் மூடும். பக்கத்து மேசை வெல்டர் அந்தப் பஞ்சிலேயே கொஞ்சம் கிள்ளிக் காதில் வைத்துக்கொள்வார்.

எட்டு மணிக்கு முன்னால் அவள் வேறு ஆள். ஊர்க் கடைசியில் ஒரு குதிரை லாயம். அவளுடைய அப்பா அங்கே குதிரைக்குத் தீனி வைத்துத் தேய்த்துக் கழுவுகிற வேலை பார்த்தவர். அவள் சைக்கிள் ஓட்டக் கற்றது பதினெட்டு வயதில், குதிரை ஓட்டக் கற்றது ஆறு வயதில். அப்பா போன பிறகும் லாயக்காரர் அவளை விடவில்லை. விடியற்காலையில் வந்து குதிரைகளை ஓட்டிப் பழக்குவாள். குதிரை தடை தாண்டும் போட்டி என்றால் லாயத்தின் சார்பில் அவள்தான் ஏறுவாள். ஏறுகிற குதிரை எப்போதும் ஒன்றுதான். மூக்கி. சுண்ணாம்பு வாளிக்குள் மூஞ்சியை விட்டெடுத்த மாதிரி மூக்கு நுனி மட்டும் வெள்ளையாக இருக்கிற செம்பழுப்புப் பெட்டைக் குதிரை. குட்டியாக இருந்தபோது முதல் முதலாக அதன் முதுகில் சேணம் வைத்தது சீட்டக்காதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு போட்டியில் மூக்கி ஐந்தாவது தடைக்கு முன்னால் சடக்கென்று நின்றுவிட்டது. குதிரை நின்றது, இவள் நிற்கவில்லை. அந்தத் தடையின் பச்சைப் பலகைகளைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது. "முந்தின நாள் தூறல்ல தரை வழுக்கிடுச்சு" என்றாள். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னாள், லாயத்திலும் அதையே சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள்.

எலும்பு கூடிவிட்டது. காலையில் லாயத்துக்குப் போய் அதே மூக்கி மேல் ஏறி அதே உயரக் கட்டைகளைத் தாண்டிக்கொண்டுதான் இருந்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. போட்டி என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் பல் வலிக்கும். இல்லையென்றால் அவசரமாக எட்டு பஸ்ஸுக்கு இருக்கை தைக்க வேண்டியிருக்கும். இரண்டு தடவை பெயர் கொடுத்து இரண்டு தடவையும் முந்தின நாள் பின்வாங்கினாள். மூன்றாம் தடவை லாயக்காரர் அவளை நிற்க வைத்துப் பேசினார்.

"ஏம்மா, மூக்கிக்குப் பதிமூணு வயசாச்சு. இன்னும் ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. அதுக்கப்புறம் அதால தாண்ட முடியாது. இங்க ஓட்ட வர்ற பல் டாக்டரம்மா நாலு மாசமா மூக்கியை எனக்குக் குடுங்க, நான் ஓட்டறேன்னு கேட்டுக்கிட்டு நிக்கறாங்க. இந்த ஞாயித்துக்கிழமை நீ ஏறினா மூக்கி உன்கிட்டதான். ஏறலைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து அவங்ககிட்ட. மனசைக் கல்லாக்கிக்கிட்டுத்தான் சொல்றேன்."

"குடுத்துருவீங்களா?"

"குடுத்துருவேன்."

அன்றைக்கு மெஷினை அவள் திட்டவில்லை. வெல்டர் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

வீட்டில் அவள் புருஷன், டிரைவர், வாரத்தில் நாலு நாள் ரோட்டிலேயே இருப்பவர். வீட்டை ஆள்வது அவருடைய அக்கா. சீட்டக்காவுக்கு அண்ணி. பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்து எந்த வண்டி எங்கே போகிறது என்று அறிவிக்கிறவள். இருபத்தாறு வருட அனுபவம். மைக் இல்லாமலே மூன்று தெரு கேட்கும். இவளும் வாய் மூடாதவள், அவளும் வாய் மூடாதவள். அந்த வீட்டில் சண்டை என்பது ரேடியோ மாதிரி, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதில் மூன்று வருடமாக ஓடுகிற சண்டை பிளாஸ்க் மூடி. டீ ஊற்றிக் குடிக்கிற அந்தச் சிவப்பு மூடி, அவள் விழுந்த போட்டி நாளோடு காணாமல் போனது.

"கடைசியா கழுவினது நீங்கதான் அண்ணி."

"கழுவி உன் கையிலதான்டி குடுத்தேன்."

"கையில குடுத்தா கையில இருக்காதா?"

இப்படியே மூன்று வருடம். மூடி எங்கே போனது என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அவள் சொல்லவில்லை.

வியாழக்கிழமை லாயக்காரர் போட்டி மாதிரியே எல்லாம் செய்து பார்த்தார். தடைகளுக்கு எண் போட்டார், மேசை போட்டு நடுவர் மாதிரி உட்கார்ந்தார், மணி அடித்தார். மணிச் சத்தம் கேட்டதும் சீட்டக்காவின் முதுகு விறைத்தது. மூக்கி முதல் தடைக்கு முன்னால் நின்றது. திருப்பிக் கொண்டுவந்தாள். நின்றது. மூன்றாம் தடவையும் நின்றது. நேற்று வரைக்கும் தூக்கத்தில்கூடத் தாண்டிய உயரம்!

அப்போதுதான் டீ கொண்டுவந்த அண்ணி வேலியில் சாய்ந்துகொண்டு, "அவ மூச்சே விடல" என்றாள்.

"என்ன சொல்றீங்க?" என்றார் லாயக்காரர்.

"மணி அடிச்சதுலேர்ந்து பாக்கறேன். உள்ள இழுத்த மூச்சை அப்படியே பூட்டி வெச்சிருக்கா. மைக் முன்னாடி புதுசா வர்ற பொண்ணுங்க எல்லாம் இதைத்தான் பண்ணும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பேச ஆரம்பிச்சா மூணாவது ஊர் பேருக்கு மேல வாய்ல வராது. மேல உக்காந்திருக்கறவ மூச்சை நிறுத்தினா கீழ இருக்கறது என்னமோ ஏதோன்னு நிக்காம என்ன பண்ணும்?"

லாயக்காரர் தாடையைச் சொறிந்தார். நாற்பது வருடம் குதிரையோடு இருக்கிற மனிதர். இது தனக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது. "சரி, மூச்சு விடும்மா" என்று கத்தினார்.

விடு என்றால் வருமா? யோசிக்க யோசிக்க நெஞ்சு இன்னும் இறுகியது. மூக்கி நாலாம் தடவையும் நின்றது.

அண்ணி பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினாள். "ஏன்டி, இதோட மூடியை எங்கடி போட்ட?"

"நான் எங்க போட்டேன்? நீங்கதானே கழுவினீங்க!"

"உன் கையிலதான் குடுத்தேன்!"

"குடுக்கவே இல்ல! சும்மா பழி போடாதீங்க!" என்று சீட்டக்கா திரும்பிக் கத்திக்கொண்டிருக்கும்போதே மூக்கி முதல் தடையைத் தாண்டி இறங்கியிருந்தது. "எப்பப் பாத்தாலும் என் தலையில கட்டறதே பொழப்பு!" இரண்டாவது. "உங்க தம்பியைக் கேளுங்க!" மூன்றாவது. நாலாவது தாண்டும்போது மூக்கியின் காதுகள் இரண்டும் பின்னால் திரும்பி, சண்டையில் யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்கிற மாதிரி இருந்தன. பேசுகிற வாய்க்கு மூச்சைப் பிடித்து வைக்க முடியாதே! சீட்டக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருடத்தில் மணி அடித்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"இதே மாதிரி ஞாயித்துக்கிழமையும் நான் வேலியோரமா நின்னு…" என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"ஐயோ, கூடாது!" என்றார் லாயக்காரர். "வெளியிலேர்ந்து யாராச்சும் குரல் குடுத்து உதவி பண்ணினா ஆட்டத்தை விட்டே வெளிய அனுப்பிருவாங்க. ஓட்டறவ பேசலாம். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணேகால் நிமிஷம்."

அண்ணி அதை ஜெயில் தண்டனை மாதிரி கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானம் முழுக்கக் கொடி, ஒலிபெருக்கி, குதிரை ஏற்றி வந்த லாரிகள். சீட்டக்காவுக்கு இருபத்தேழாம் எண். காலையில் தடைகளுக்கு நடுவே நடந்து காலடி எண்ணிப் பார்த்தாள். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒரு வளைவு, அதற்குப் பிறகு குதிரைக்கு ஆறு பாய்ச்சல். ஐந்தாவது தடை பச்சைப் பலகை. அதே பச்சை. வண்ணம் புதிதாக அடித்திருந்தார்கள்.

பல் டாக்டர் புது பூட்ஸோடு வந்து மூக்கிக்கு ஒரு கேரட் கொடுத்தாள். "அக்கா, நல்லா ஓட்டுங்க" என்று மனதாரத்தான் சொன்னாள். மூக்கி கேரட்டை வாங்கிக்கொண்டது. அந்த வெள்ளை மூக்கு இன்னொருத்தி உள்ளங்கையில் உரசுவதைப் பார்த்ததும் சீட்டக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினாள்.

மூன்று வருடத்துக்கு முன்னாலும் இப்படித்தான் ஓடினாள். தரை வழுக்கவே இல்லை. விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பயத்தில் லாரிக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றிய சிவப்பு மூடி கையிலிருந்து நழுவிப் புதருக்குள் போய்விட்டது. தேடவில்லை. மூடி அங்கே எப்படிப் போனது என்று யாராவது கேட்டால்? ஆறு வயதிலிருந்து குதிரை ஓட்டுகிறவளுக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது? அதை மறைக்கத்தான் தரை மேல் ஒரு பழி, அண்ணி மேல் ஒரு பழி.

"இருபத்தேழு! தயாரா இருங்க!" என்றது ஒலிபெருக்கி.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள். வேலியோரம் அண்ணி, மூக்கியைத் துடைக்கிற துணியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். "அது குதிரை வேர்வை துடைச்ச துணிங்க!" என்று லாயக்காரர் பதறினார். அண்ணி போகட்டும் என்று கையை ஆட்டினாள்.

மணி அடித்தது.

"அண்ணி, கடைசியா கழுவினது நீங்கதான்!" முதல் தடை. "இல்லடி, உன் கையிலதான்டி குடுத்தேன்!" என்று அண்ணியின் மைக் குரலிலேயே பதிலும் அவளே சொன்னாள். இரண்டாவது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நடுவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "ஒரு கயிறு கட்டி வைங்கன்னு சொன்னேனா இல்லையா?" மூன்றாவது. "கட்டறதுக்கு அது என்னடி ஆடா மாடா?" நாலாவது! மூக்கி பறந்தது. வேலியோரம் அண்ணியின் தோள்கள் குலுங்கின.

வளைவு. திரும்பினால் பச்சை.

அவ்வளவுதான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூடி, மூடி, அதற்கப்புறம் என்ன? ஒரு சொல்லும் வரவில்லை. நெஞ்சுக்குள் மூச்சு பூட்டிக்கொண்டது. அவள் சத்தம் நின்றதும் மூக்கியின் காதுகள் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக ஆடின. ஆறு பாய்ச்சலில் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. பாய்ச்சல் குறுகியது. அண்ணி இரண்டு கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டாள். கண் பிதுங்கியது. துணி மட்டும் இல்லையென்றால் அந்த மைதானமே அதிர்ந்திருக்கும். மூன்று. நாலு.

சீட்டக்காவுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"அண்ணி! மூடியை நான்தான் தொலைச்சேன்!"

அடிவயிற்றிலிருந்து வந்தது. மூன்று வருடத்து மூச்சும் அதோடு வெளியே போனது. கால் தானாக இறுகியது, கை தானாக இளகியது, மூக்கி முன்கால்களை மடக்கிக்கொண்டு எழும்பியது. பச்சைப் பலகை கீழே எங்கேயோ கிடந்தது. "லாரிக்குப் பின்னாடி போட்டேன்! வாந்தி எடுக்கப் போனப்போ!" இறங்கினார்கள். "பயமா இருந்துச்சு அண்ணி!" ஆறாவது. "தரை எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு! நான்தான் பயந்தேன்!" ஏழாவது. எட்டாவதில் பின்னங்கால் உரசி ஒரு கட்டை உருண்டு விழுந்தது. விழட்டும்! "இப்பவும் பயமாத்தான் இருக்கு!" ஒன்பது. "இருந்தா இருந்துட்டுப் போகட்டும்!" பத்து.

முடிவுக் கோட்டைத் தாண்டியும் மூக்கி நிற்கவில்லை. இன்னும் இரண்டு தடை இருந்தால் தேவலை என்கிற மாதிரி கழுத்தை உதறிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. விழுந்த ஒரு கட்டைக்கு நாலு தப்புப் புள்ளி. முப்பத்திரண்டு பேர் இறங்கிய ஆட்டத்தில் ஆறாவது இடம். முதல் பரிசு வாங்கியவரைவிடக் கைதட்டல் இவளுக்குத்தான் அதிகம் என்று லாயக்காரர் இன்றைக்கும் சொல்வார். அது உண்மைதான்.

அவர் கடிவாளத்தைப் பிடித்தார். என்னவோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தவர், "நாளைக்கு அஞ்சரைக்கு வந்துரு. மூக்கிக்கு வேற யாரும் சேணம் போட மாட்டாங்க" என்றார். பல் டாக்டர் கைதட்டிக்கொண்டே, "அக்கா, எனக்கு வேற குதிரை பாத்துக்கறேன். இவ்வளவு பேச என்னால முடியாது" என்றாள்.

அண்ணி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். துணியை இன்னும் எடுக்கவில்லை. சீட்டக்கா இறங்கி அவள் முன்னால் போய் நின்று, தானே அந்தத் துணியை உருவினாள்.

"மூணு வருஷம்டி" என்றாள் அண்ணி. மைக் குரல் இல்லை. "மூணு வருஷமா நானே தொலைச்சுட்டேன் போலன்னு மூணு அலமாரியைக் குடைஞ்சேன்டி பாவி."

"தப்புதான் அண்ணி."

"மூடி கெடக்குது விடு. நீ வாந்தி எடுத்துக்கிட்டு நின்னப்ப நான் எங்கடி இருந்தேன்?"

"வேலியோரமா உக்காந்து பக்கத்துல இருந்தவங்களுக்கு பஸ் டைம் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. மூக்கி தன் வெள்ளை மூக்கை நீட்டி அவள் தோளில் ஒரு தும்மல் போட்டது.

"அடுத்த போட்டி எப்ப?" என்று கேட்டாள், தோளைத் துடைத்துக்கொண்டே.

"அடுத்த மாசம்."

"அப்ப வயித்தைப் பெரட்டினா சொல்லு. கூட வந்து தலையைப் பிடிச்சுக்கறேன்" என்றாள் அண்ணி. "ஆனா பிளாஸ்க் மட்டும் என் கையில இருக்கும்."