நான்கு டிஸ்கும் ஒரு பாடும்

பழவேற்காடு ஏரிக்கரையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி உப்புக் காற்றுதான். கேமரா, பிரிண்டர், கதவுக் கீல் என்று ஒன்றை விடாது. என் கடையில் அது கடைசியாகக் கை வைத்தது, நான்கு டிஸ்க் போட்ட சேமிப்புப் பெட்டியின் மேல். பல வருடத்துக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா அத்தனையும் அதற்குள் இருந்தன. நான்கில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதிலிருந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று விற்றவர் சொன்னார். நானும் அதையே ஊரெல்லாம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

மூன்றாவது டிஸ்கில் சிவப்பு விளக்கு எரிந்த அன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். அதை மட்டும் உருவிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருக வேண்டும். என் புத்தி வேறு பக்கம் போயிற்று. எங்கள் ஏரியில் மீன் நன்றாகப் படுகிற இடத்தை யாரும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. முகத்துவாரத்துப் பக்கம் சுத்து வலை போடும் இடங்களை ஊர்க்காரர்கள் முறைவைத்து மாற்றிக்கொள்வோம். இன்று நல்ல இடத்தில் போட்டவன் அடுத்த முறை சுமாரான இடத்துக்கு நகர வேண்டும். இதற்குப் பாடு என்று பெயர்; அதில் ஒருவருக்குள்ள பங்கையும் பாடு என்றே சொல்வோம். நான் வலை பிடிக்கவில்லை என்றாலும் பாடு பார்த்து வளர்ந்தவன். மூன்றாவது இடம் ஜன்னலைப் பார்த்த இடம், உப்புக் காற்று அதன் மேல்தான் அடிக்கிறது, பாவம் அந்த டிஸ்க் மட்டும் எத்தனை நாள் கஷ்டப்படும் என்று நினைத்தேன். நான்கையும் உருவித் துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் ஓர் இடம் தள்ளிச் செருகினேன்.

சுவிட்சைப் போட்டதும் நான்கும் சிவப்பு. மறுபடி உருவி, மாற்றி, திரும்ப மாற்றி, ஐந்தாறு தடவைக்குப் பிறகு எது எங்கே இருந்தது என்பதே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் பெட்டியின் போர்டிலிருந்து லேசான தீய்ந்த வாடை வந்து, எல்லா விளக்கும் அணைந்துபோயின. இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று எனக்கே வெறுத்துவிட்டது.

போனது கல்யாண வீடியோக்கள் மட்டும் என்றால் நாலு பேர் காலில் விழுந்து தப்பித்திருப்பேன். அதற்குள் பக்கத்துத் தெரு அக்காவின் பாடு இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் சில வருடங்களுக்கு முன்பு காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் ஊரில் பாடு கல்யாணமான ஆம்பிளைக்குத்தான். அவர் போனதும் அது ஊருக்குத் திரும்ப வேண்டும். ஆனால் அந்த வருடத் திருவிழாக் கூட்டத்தில் ஊர்த் தலைவர் எழுந்து, மகன் வளர்ந்து கல்யாணம் ஆகும்வரை பாடு அக்கா பேரிலேயே இருக்கும், அக்காவின் தம்பி வலை போட்டுக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்தார். யாரும் அதை நோட்டில் எழுதவில்லை. கூட்டத்தில் செல்போனில் படம் எடுப்பதும் ஊரில் ஆகாது. திருவிழா வீடியோவுக்காக நின்ற என் கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அந்தத் தலைவரும் உயிரோடு இல்லை. பெட்டி கெட்டதற்கு முந்தின வாரம்தான், புதிதாக வந்த ஊர் நிர்வாகிகள் அப்படி ஒரு பேச்சு நடந்ததாக ஞாபகமில்லை என்றார்கள். வீடியோவில் இருந்தால் போட்டுக் காட்டு, இல்லையென்றால் அமாவாசைக் கூட்டத்தோடு பாடு அடுத்தவனுக்குப் போகும் என்று முடிவாயிற்று.

அடுத்தவன் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணனையும் தப்பு சொல்ல முடியாது. பாடு கேட்டுப் பதிந்துவிட்டு, இத்தனை வருடமாக அடுத்தவர் வலையில் கூலிக்குப் போய்க்கொண்டிருப்பவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். பெட்டி போன செய்தியைச் சொன்னபோது அவர் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். அண்ணிதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். எனக்கும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நொடி உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த ஒரு நொடிக்காக இன்னும் கூசுகிறேன்.

அதன்பிறகு என்னால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. டீக்கடையில் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகும். ஒருத்தர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "இன்னாப்பா, சரியா இந்த நேரம் பாத்து உங்க பொட்டி பூட்ச்சா?" கடைக்கு வந்து உட்கார்ந்தால் அக்கா வந்துவிடுவார். திட்டமாட்டார், அழமாட்டார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னா தம்பி, எதுனா தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பார். அதற்குப் பேசாமல் நாலு அறை வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்குப் போனால் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமுகிற சத்தம் கேட்கும். மூன்று இடத்திலும் மூச்சு முட்டியது. நாலாவது இடம் எனக்கு ஊரில் இல்லை.

டிஸ்குகளைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, பொன்னேரிக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலேறிச் சென்னைக்குக் கொண்டுபோனேன். இந்த வேலை மட்டும் செய்கிற ஒரு சின்னக் கடை. நடத்துவது ஒரு பெண், என்னைவிட இளையவர். டிஸ்குகளின் ஓரத்தில் படிந்திருந்த பச்சைக் களிம்பைப் பார்த்துவிட்டு, "எது முதல்ல, எது ரெண்டாவதுண்ணா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. மாத்திட்டேன்."

"ஏன் மாத்தினீங்க?"

பாடு என்று ஆரம்பித்து, பாதியில் வெட்கமாக இருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஒரே படத்தை வெட்டித் துண்டு துண்டாக நான்கு டிஸ்கிலும் மாற்றி மாற்றி எழுதியிருக்கும். வரிசை தெரியாவிட்டால் துண்டுகளை ஒட்ட முடியாது. முதலில் நான்கையும் அப்படியே நகலெடுக்க வேண்டும், அசலைத் தொடவே கூடாது. நான்கில் ஒன்று மிகவும் மோசம், படிக்க வைத்தாலே நின்றுபோகிறது; மற்றவையும் அங்கங்கே அரித்திருப்பதால் அதை விடவும் முடியாது. கொஞ்சம் படித்து, ஆற விட்டு, மறுபடி படிக்க வேண்டும். நாளாகும் என்றார். அமாவாசைக்குள் வேண்டும் என்றேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் போனபோது திரையில் ஒரு கல்யாணப் போட்டோ இருந்தது. மேலே மணப்பெண்ணின் நெற்றியும் கண்ணும். அதற்குக் கீழே வாய் இருக்க வேண்டிய இடத்தில் யாருடைய படகோ நின்றது. இரண்டு டிஸ்குகளை இடம் மாற்றிவிட்டு மறுபடி திறந்தார். இப்போது வாய் வந்தது, கழுத்து வரவில்லை. இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் வரிசையைப் பிடிக்க வேண்டுமாம். நான் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் பெண் முழுசாக வந்து நின்றாள், கழுத்தில் தாலியோடு. எங்கள் தெருப் பெண்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு அண்ணன் கடைக்கு வந்தார். அவர் என் கடைக்கு வருகிறவரே இல்லை. சுவரில் மாட்டிய படங்களைப் பார்க்கிறமாதிரி நின்று, "வர்லேன்னா வர்லேன்னு சொல்லிடு. யாரும் உன்ன அடிச்சுக் கேக்கப் போறதில்ல" என்றார். நான் பதில் சொல்வதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் சென்னையிலிருந்து போன் வந்தது, கூட்டத்து வீடியோ முழுசாக வந்துவிட்டது என்று. போய், அந்தக் கடையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். தலைவரின் வாக்கு தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகும் கொஞ்சம் ஓடியது. அதையும் பார்த்தேன். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன். பாலத்தின் மேல் பஸ் போகும்போது ஜன்னல் திறந்துதான் இருந்தது. கையை நீட்டினால் ஏரி. பையிலிருந்த கையை வெளியே எடுக்காமலேயே ஊர் வந்து சேர்ந்தேன்.

கூட்டம் மீன் ஏலக் கூடத்தில் நடந்தது. என் கடை டிவியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தோம். அக்கா தூணோரம் நின்றார். செத்துப்போன தலைவர் திரையில் எழுந்து தொண்டையைச் செருமியபோது பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருக்கி வந்தார்கள். "பையன் கல்யாணம் ஆவுறவரைக்கும் பாடு அந்தப் பொண்ணு பேர்லயே கெடக்கட்டும். ஊரு வாக்கு இது" என்றார். அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ரிமோட் என் கையில் இருந்தது. நான் நிறுத்தவில்லை.

திரையில் தலைவர் கேட்டார், "யாருக்காச்சும் மறுப்பு கீதா?" கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு ஆள் எழுந்தார். இன்னும் நரைக்காத தலை. என் அண்ணன். "எனக்கு ஒண்ணும் மறுப்பில்ல தலைவரே. அடுத்து என் பேருதான் கீது, நான் காத்துக்கினு கெடக்கறேன். அக்கா புள்ளைங்க சோறு துன்னட்டும்."

கூடமே திரும்பி அண்ணனைப் பார்த்தது. அவர் கடைசிவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அன்று டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். உங்க வீட்ல தப்பு நடக்காதுன்னு தெரியும்பா என்று ஆளாளுக்குத் தோளைத் தட்டினார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு குடித்தேன். வீட்டுக்கு வந்தபோது அண்ணன் எங்கள் இருவருக்கும் பொதுவான வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"பாடு போனது போவட்டும். அது அவங்களுதுதான்" என்றார். "தலைவர் சொன்னதோட நிறுத்தியிருந்தா தீர்ந்துச்சு. அதுக்கு மேல எம் மூஞ்ச ஏண்டா காட்டின?"

தானாக ஓடிவிட்டது என்று சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தானாக ஓடவில்லை. அண்ணனுக்காகப் பெட்டியை நானே கெடுத்தேன் என்கிற பட்டம் என் மேலிருந்து இறங்க வேண்டும் என்று நான்தான் ஓட விட்டேன்.